கொடிமலைக்கும் வானத்துக்கும் நடுவே

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவைப் பார்த்தால், கண்முன் இருப்பதெல்லாம் படுக்கைவாட்டில் அடுக்கியிருக்கும். அடியில் கடல். அதன்மேல் ஜார்ஜ்டவுன் கரையின் மெல்லிய பட்டை. பிறகு கொடிமலையின், அதாவது பினாங்கு மலையின், இரண்டு மூன்று மடிப்புகள். அதற்கும் மேலே வானம். தறியில் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், ஓடுவதும் படுக்கைவாட்டில்தான். டேபஸ்ட்ரி பழக நினைப்பவர்களுக்கு முதல் காட்சியாக இதையே சொல்வேன். இதில் சிரமமான இடம் ஒன்றுதான்: மலை முடிந்து வானம் தொடங்கும் விளிம்பு. பினாங்கின் ஈரக்காற்றில் அந்த விளிம்பு கத்தியால் கீறியதுபோல் இருப்பதே இல்லை; பச்சை கரைந்து சாம்பலாகி, சாம்பல் கரைந்து வானமாகும். நூலுக்கோ கரையத் தெரியாது. ஒரு நிறம் நின்ற இடத்தில் நிற்கும், அடுத்தது அங்கிருந்து தொடங்கும். கரையாத நூலை வைத்துக்கொண்டு கரைவதைக் காட்டுவதுதான் நிலக்காட்சி நெசவில் பாதி வேலை. மீதிப் பாதி பாவை, அதாவது தறியில் நெட்டுவாக்கில் இழுத்துக் கட்டும் நூல்களை, ஒழுங்காகக் கட்டுவது.

டேபஸ்ட்ரி என்றால் பலர் ஊசியால் தைக்கும் பூவேலை என்று நினைக்கிறார்கள். ஊசிக்கு இதில் வேலை குறைவு. இது முழுக்க நெசவு. இரண்டு விதிகள் போதும். ஊடை, பாவை முழுசாக மூடிவிட வேண்டும். முடிந்த துணியில் பாவின் இழை ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. இரண்டாவது, எந்த ஊடையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போகாது. தன் நிறத்துக்குரிய இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும்.

இந்த இரண்டும் நமக்குப் புதிதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பவானி ஜமக்காளத்தை எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாகத் தெரியும் நிறமெல்லாம் ஊடை. உள்ளே இருக்கும் பாவு வெளியே தெரியாது. முதல் விதி அங்கே இருக்கிறது. இரண்டாவது விதி காஞ்சிபுரத்தின் கோர்வையில் இருக்கிறது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, மறுகரைக்கு ஒன்று என மூன்று ஓடும். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அரக்கு உடலும் பச்சைக் கரையும் கலக்காமல், பிரியாமல் நிற்பது அந்தக் கோப்பினால்தான். அந்தச் சந்திப்பை நேர்கோடாக விடாமல் பல் பல்லாக ஏற்றி இறக்கினால் தாழம்பூ ரேக்கு. மலை விளிம்புக்கு வேண்டிய அடிப்படை அசைவு இதுவே. ஜமக்காளத்தின் உடலில் கோர்வையின் மூட்டைப் போட்டால் டேபஸ்ட்ரிக்கு மிக அருகில் வந்துவிடுவோம்.

மலேசியாவின் நெசவுகளை இதோடு ஒப்பிட்டால் ஒரு கேள்வி உதவும்: படம் எந்த இழையில் குடியிருக்கிறது? சரவாக் இபான் பெண்களின் புவா கும்புவில் படம் பாவில் இருக்கிறது. நெய்வதற்கு முன்பே பாவு இழைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. தறியில் ஏற்றும்போது இழைகள் மயிரிழை அளவு நகர்வதால் உருவங்களின் ஓரம் இறகுபோல் கசிந்திருக்கும். திரெங்கானு, கிளந்தான் சொங்கெட்டில் அடித்துணி தனியாக நெய்யப்படும். பொன்னிழை கூடுதல் ஊடையாக அதன்மேல் ஏறும். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த சொங்கெட். அதன் பூக்களின் பெயர்களைப் பாருங்கள்: மூங்கில் குருத்து, மங்குஸ்தீன் காம்பு, கிராம்புப் பூ. நிலம் முழுக்க அங்கே இருக்கிறது, ஆனால் காட்சியாக அல்ல, குறியாக. மெங்குவாங் பாயில் இரண்டு பக்கத்து ஓலையும் சமம். படம் இரண்டுக்கும் பொது. மெங்குவாங் தாழை இனம். காஞ்சிபுரத்தில் தாழை பட்டில் பூவாகிறது, இங்கே அதன் ஓலையே பாயாகிறது. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் உள்ள அணைக்கட்டின் பெயரிலும் அந்தச் செடிதான் இருக்கிறது.

டேபஸ்ட்ரியில் அடித்துணி என்று தனியாக ஒன்று கிடையாது. படத்தை உருவினால் துணியே இருக்காது. இந்த வட்டாரத்தில் அதற்கு மிக நெருங்கிய உறவு மிண்டனாவோவின் மரனாவோ மக்கள் மாலோங் துணிகளை இணைக்க நெய்யும் லங்கிட் பட்டை. இந்த வேறுபாடுகளைக் கண்ணால் பார்க்க கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்கா அருகே உள்ள தேசிய ஜவுளி அரும்பொருளகத்துக்குப் போகலாம். புவாவையும் சொங்கெட்டையும் ஒரே நாளில் பார்த்தால், விளிம்பு என்பது எத்தனை விதமாக உருவாகிறது என்று விளங்கும். நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஃபெரிக் காட்சி ஒன்றை நெய்வதாக வைத்துக்கொள்கிறேன்.

சட்டம் 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். மெராந்தி கட்டை, குறைந்தது 2 செ.மீ. தடிமன், 4 செ.மீ. அகலம். மூலைகளில் திருகாணியும் முக்கோணத் தாங்கலும் வேண்டும். ஓவியத் துணி இழுக்கும் மெல்லிய சட்டம் கையில் இருக்கிறதே என்று அதில் தொடங்குவது பெரும் தவறு. ஓர் இழைக்கு ஒரு கிலோ இழுவை என்று வைத்தாலும் 90 இழைக்கு 90 கிலோ. மெல்லிய கட்டை நடுவில் வளையும், நடுப்பாவு தொய்யும், தொய்ந்த இடத்தில் ஊடை தடித்து மேடு கட்டும். மலை இல்லாத இடத்தில் மலை முளைத்துவிடும்.

பாவுக்கு 1 மி.மீ. தடிமனுள்ள, முறுக்கு இறுகிய பருத்திக் கயிறு. ஒரு முழம் பிடித்து இழுத்துப் பாருங்கள், நீளக்கூடாது. மெக்ரமே நூல் இதற்கு ஆகாது: முறுக்கு தளர்வு, உரசலில் பஞ்சு பிரியும். மீன்வலைக் கடை நைலான் வழுக்கும், நீளும். நெய்யும்போது இறுக்கமாகத் தெரியும், சட்டத்திலிருந்து அறுத்ததும் சுருங்கி முழுத்துணியும் நெளியும். செ.மீ.-க்கு 3 இழை என்றால் 30 செ.மீ.-க்கு 90 இழை. மேல்கட்டையில் 45 ஆணி, கீழ்க்கட்டையில் 45 ஆணி, ஒவ்வோர் ஆணியும் இரண்டு இழையைத் தாங்கும். ஆணிகளை ஒரே வரிசையில் அடித்தால் கட்டை நரம்பு வழியே பிளக்கும். இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி அடியுங்கள். ஓர் இழைக்கு 55 செ.மீ. வீதம் சுமார் 50 மீட்டர் போகும். முடிச்சுக்கும் சேர்த்து 60 மீட்டர் நூல்கண்டு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் முடிச்சுப் போட்ட பாவு எப்போதும் அந்த முடிச்சில்தான் தொய்யும்.

ஒன்றுவிட்டு ஓர் இழையைத் தூக்க ஒரு தட்டைப் பலகை. மற்ற இழைகளுக்கு ஒரு குச்சியில் கட்டிய விழுதுகள், அதாவது இழையைப் பிடித்துத் தூக்கும் நூல் வளையங்கள். அடிப்பதற்கு வீட்டு முள்கரண்டி போதும். இந்த அளவுத் துணிக்கு அதைவிட நல்ல சீப்பு எனக்குத் தெரியவில்லை. முதலில் பாவு இழைகளைச் சம இடைவெளியில் நிறுத்த ஒரு பின்னல் வரி, அதன்மேல் பாவு நூலாலேயே 1.5 செ.மீ. வெற்று நெசவு. இது பின்னால் மடிந்து மறையப்போகும் பகுதி. இதை அலட்சியமாக நெய்தால் மேலே வரும் எல்லாம் கோணும்.

ஊடைக்குக் கம்பளி. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பது அக்ரிலிக். அதை அடித்தால் அடங்கும், சீப்பை எடுத்ததும் எழும்பும். கொஞ்ச நாளில் மணி மணியாகத் திரளும். பருத்தி அமுங்காது, அதனால் பாவை மூடக் கூடுதல் இழை வேண்டும். கம்பளி அடித்த இடத்தில் அடங்கிக் கிடக்கும். இரண்டு புரி கொண்ட மெல்லிய கம்பளியில் மூன்று இழைகளைச் சேர்த்து ஓர் ஊடையாக ஓட்டுங்கள். தடிமன் சரியா என்று பார்க்க எளிய வழி: அந்த மூவிழைக் கற்றையை இரண்டு பாவு இழைகளுக்கு நடுவே நெட்டுவாக்கில் வையுங்கள். இடைவெளியை நிறைக்க வேண்டும், பாவைத் தள்ளக்கூடாது. தடித்துவிட்டால் பாவு அரிசிமணிபோல் வெள்ளை வெள்ளையாக எட்டிப்பார்க்கும். மெலிந்துவிட்டால் குற்றமில்லை, வேலை மட்டும் இரட்டிக்கும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 100 கிராம் கம்பளி பிடிக்கும். சோதனைக்கும் சேர்த்து 150 கிராம் இருந்தால் கை தயங்காது.

மூன்று இழையைச் சேர்த்து ஓட்டச் சொல்வது தடிமனுக்காக மட்டும் அல்ல. கொடிமலையின் ஆழம் அந்த மூன்று இழைக்குள்தான் இருக்கிறது.

முன்னால் இருக்கும் மடிப்புக்கு மூன்றும் பச்சை. அதன் பின்னால் உள்ள மடிப்புக்கு ஒரு பச்சையை எடுத்துவிட்டு ஒரு வான நிற இழை. அதற்கும் பின்னால் இரண்டு வானம், ஒரு பச்சை. அப்புறம் மூன்றும் வானம். தூரத்து மலை வெளுப்பதற்குக் காரணம், நமக்கும் அதற்கும் நடுவே நிற்கும் ஈரக்காற்று வான ஒளியைச் சிதறடித்து மலைமேல் ஏற்றுவதுதான். ஆகவே தூரத்து மலைக்கென்று தனியாக ஒரு நீலம் வாங்காதீர்கள். எந்த வானத்தை மேலே நெய்யப்போகிறீர்களோ அதே இழைதான் மலைக்குள்ளும் நுழைய வேண்டும். தனி நீலம் வாங்கி நெய்த மலை, வெட்டி ஒட்டிய காகிதம்போல் துருத்திக்கொண்டு நிற்கும்.

பச்சையும் கடைப்பச்சையாக இருக்கக்கூடாது. இங்குள்ள காட்டின் பச்சையில் மஞ்சளும் பழுப்பும் அதிகம். ஆலிவ், கரும்பச்சை, கொஞ்சம் பழுப்பு ஆகிய மூன்றையும் ஒரே கற்றையில் சேர்த்தாலே முன்மடிப்பு உயிர் பெறும். நிறங்களைத் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாரிஸின் கோபெலின் ஆலையில் சாயப் பிரிவை 1824 முதல் கவனித்த வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை வெளிற வைத்தன என்று அவர் கண்டார். ஓர் அட்டையில், படத்தில் எந்த நிறத்தின் பக்கத்தில் எது வருமோ அதே வரிசையில், ஒவ்வொரு கற்றையையும் 1 செ.மீ. அகலம் சுற்றி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அரை மணி நேர வேலை. மூன்று நாள் பிரிப்பதை மிச்சப்படுத்தும்.

எந்த நேரத்துக் காட்சி என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். பட்டர்வொர்த் தீவுக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் வெயில் மலையின் முகத்தில் விழும். ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு பங்களாவும் தெரியும். கண்ணுக்கு விருந்துதான். தறிக்கு அது தொல்லை. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் மடிப்புகள் தட்டைத் தட்டையாகப் பிரியும். மாலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் முழு அளவில், வெறும் கோடுகளாக, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண்ணோடு இருக்கட்டும். நிறம் தீட்டிய படத்தைப் பின்னால் வைத்தால் கை நூலைப் பார்க்காது, படத்தையே நகலெடுக்கும். பாவின் பின்னால் வைத்து, கோடுகளைப் பாவு இழையைச் சுற்றி மையால் குறியுங்கள். நீரில் கரையாத மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் ஆவி காட்டும்போது வானத்தில் நீலக்கறை ஊறும்.

சரிவுகளுக்குக் கணக்கு உண்டு. ஊடை போய்த் திரும்பினால் ஒரு முழு ஓட்டம். நன்றாக அடித்தபின் அது சுமார் 1.4 மி.மீ. உயரும். பாவு இழைகளின் இடைவெளி 3.3 மி.மீ. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் இழை உள்வாங்கினால் சரிவு 23 பாகை வரும். இரண்டு ஓட்டத்துக்கு ஓர் இழை என்றால் 40. மூன்றுக்கு ஒன்று என்றால் 52. ஓர் ஓட்டத்துக்கு இரண்டு இழையாகத் தாவினால் 12 பாகைதான். கொடிமலையின் நீண்ட தோள் இந்தக் கடைசி வகை. உங்கள் கை அடிக்கும் வேகத்துக்கு 1.4 என்பது 1.2 ஆகலாம், 1.6 ஆகலாம்; சோதனைத் துண்டில் 10 ஓட்டம் நெய்து அளந்து, உங்கள் எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

பினாங்கில் நியோன்யா மணிவேலை தெரிந்தவர்கள், காசுட் மானேக் காலணிக்கான கட்டத்தாள் வரைபடத்தை அப்படியே தறிக்குக் கொண்டுவர நினைப்பதுண்டு. அது ஒத்துவராது. மணியின் கட்டம் ஏறக்குறையச் சதுரம். இங்கே ஒரு கட்டம் 3.3 மி.மீ. அகலம், 1.4 மி.மீ. உயரம். கட்டத்துக்குக் கட்டம் மாற்றினால் மலை பாதிக்கும் கீழாக நசுங்கிப்போகும்.

இப்போது அந்த விளிம்பு. மலையும் வானமும் சந்திக்கும் இடத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டு ஊடைகளும் பக்கத்துப் பக்கத்து இழைகளில் தனித்தனியே திரும்பினால் நடுவே கீறல் விழும். கோடு கூர்மையாக வரும். கோர்வைபோல் கோத்தால் கீறல் இருக்காது, விளிம்பு சற்றே தளும்பும். மூன்றாவது வழி, இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று சீப்பின் பற்களைப்போல் நுழைவது. மலை நூல் ஓர் ஓட்டம் தன் எல்லையைத் தாண்டி ஏழு இழை போகும்; அடுத்த ஓட்டத்தில் வான நூல் மலைக்குள் நான்கு இழை வரும்; பிறகு மலை பதினொன்று, வானம் இரண்டு. ஐரோப்பாவின் இடைக்கால நெசவாளர்கள் கொஞ்ச நிறங்களிலேயே துணி மடிப்பையும் முகச்சாயலையும் காட்டியது இந்தப் பற்களால்தான். பற்களின் நீளம் ஒரே அளவாக இருந்தால் அது ரம்பம். நீளம் மாறிக்கொண்டே இருந்தால் மூடுபனி. மலையின் தோள் தாழ்வாகப் படுத்திருக்கும் இடத்தில் பற்களை 10, 15 இழைவரை நீட்டலாம். மழை ஓய்ந்தபின் சரிவில் தங்கும் மேகக் கீற்று தானாக வந்துவிடும். செங்குத்தான இடத்தில் 3 இழைக்கு மேல் வேண்டாம்.

என் கருத்தில் பினாங்கு மலைக்குக் கீறல் எங்குமே பொருந்தாது. வானத்தோடு சேரும் கடைசி மடிப்பு முழுக்கப் பற்களாக இருக்கட்டும். நடு மடிப்புகளுக்குக் கோர்வை. முன்மடிப்பு கரையோடு சேரும் இடத்தில் மட்டும் திடமான கோடு. விளிம்பின் கூர்மை கீழிருந்து மேலே குறைந்துகொண்டே போக வேண்டும். நிறத்தைவிட இதுதான் தூரத்தைக் காட்டும்.

ஜார்ஜ்டவுனில் உயர்ந்து நிற்கும் கொம்தார் கோபுரத்தை என்ன செய்வது? செங்குத்துக் கோடு டேபஸ்ட்ரிக்குப் பகை. 3 இழை அகலத்தில் கோபுரம் நெய்தால் இரண்டு பக்கமும் நீண்ட கீறல் விழும். 1.5 செ.மீ. வரை கீறல் தானாகத் தாங்கும். அதற்குமேல் போனால் தொங்கும்போது வாய் பிளக்கும். பின்னாலிருந்து மெல்லிய பருத்தி நூலால், 3 மி.மீ.-க்கு ஒரு தையல் என்று மூடிவிடுங்கள். சீனத்தின் கெஸி பட்டுநெசவில் இந்தக் கீறல்களைத் தைக்காமலே விட்டு, ஓவியத்தில் தூரிகைக் கோடு செய்யும் வேலையைக் கீறலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சொங் காலத்து மலைக்காட்சிகள் அப்படி நெய்யப்பட்டவை. பட்டு அதைத் தாங்கும், ஏனென்றால் அங்கே இழைகள் மிக நெருக்கம். செ.மீ.-க்கு 3 இழையில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

பாலேக் பூலாவ் பக்கத்துத் தென்னந்தோப்பை நெய்ய விரும்பினால் நிலைமை தலைகீழ். அங்கே எல்லாமே செங்குத்து. படத்தைப் பக்கவாட்டில் திருப்பி நெய்யுங்கள், தென்னை மரம் ஊடையாகப் படுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டும்போது பாவு கிடைமட்டமாக இருக்கும். ஐரோப்பாவின் பெரிய திரைகள் பெரும்பாலும் அப்படித்தான் நெய்யப்பட்டன.

நெய்யும் வரிசையில் ஒரே விதிதான்: அடி அகன்று மேலே ஒடுங்குவதை முதலில் நெய்யலாம், மேலே அகல்வதற்கு அடியில் உள்ளதை முடிக்காமல் அதைத் தொடக்கூடாது. மலையை உச்சிவரை கட்டிவிட்டு வானத்தைப் பிறகு நிரப்பலாம். வானத்தை முதலில் நெய்தால் அது மலைக்குமேல் கூரையாகக் கவிந்து, அடியில் உள்ள பாவு வாய் திறக்காது. பற்களாகச் சேரும் இடத்தில் மட்டும் இரண்டையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அந்த இடத்தில்தான் தொடக்கக்காரர்களுக்கு மூளை குழம்பும். பக்கத்துப் பக்கத்து ஊடைகள் எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும்: ஒரே திறப்பில் (பாவு இழைகள் இரண்டாகப் பிரிந்து ஊடைக்கு வழிவிடும் வாய்) இரண்டும் சந்திக்கும், அடுத்த திறப்பில் இரண்டும் பிரியும். இரண்டும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தால் எல்லையை நகர்த்தும்போது ஓரிடத்தில் ஒரே திறப்பில் இரண்டு ஊடைகள் விழும், இன்னோரிடத்தில் ஒன்றும் விழாது. அங்கே பாவு தெரியும். தவறு எங்கே என்று தேடிப் பிரித்துக்கொண்டே போக வேண்டாம். ஒரு கற்றையை அறுத்து, அதே திறப்பில் மறுமுனையிலிருந்து தொடங்கினால் திசை மாறிவிடும்.

எல்லாவற்றிலும் அதிகமாகத் துணிகளைக் கெடுப்பது இடுப்பு ஒடுங்குவது. அடியில் 30 செ.மீ., நடுவில் 28. காரணம், ஊடையை நேராக இழுத்து அடிப்பது. பாவு இழைகளைச் சுற்றி வளைந்து போக ஊடைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். கொடுக்காவிட்டால் அது பாவைப் பிடித்து உள்ளே இழுக்கும். 10 செ.மீ. தூரத்துக்கு ஊடையை 2 செ.மீ. உயர வில்லாக வளைத்து, நடுவில் ஒருமுறை அமுக்கி, பிறகு அடியுங்கள். அதிகமாகக் கொடுத்துவிட்டால் கொப்புளம்போல் சுருள் எழும்பும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு. ஒடுங்குவது தெரியாமலே நடக்கும். இரண்டு ஓரத்துப் பாவையும் சட்டத்தின் பக்கக்கட்டையோடு ஒரு நூலால் 3 செ.மீ.-க்கு ஒருமுறை கட்டி வையுங்கள். ஒவ்வொரு 2 செ.மீ. உயரத்துக்கும் அளவுகோல் வையுங்கள். 5 மி.மீ. குறைந்திருந்தால் பிரித்துவிடுங்கள். மேலே போகப் போகச் சரியாகும் என்று நினைத்தால் ஆகாது.

கடலைப் பற்றி. அலை என்றதும் வளைவு வளைவாக நெய்யத் தோன்றும். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே உள்ள நீரில் அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நிறமும் நீலம் கிடையாது, சேறு கலந்த சாம்பல்பச்சை. அங்கே வேண்டியது ஒளியின் கீற்றுகள் மட்டும். வெளிர் நூலை ஒரே ஒரு திசையில் ஓட்டி நிறுத்தினால் புள்ளி வரிசை கிடைக்கும். போய்த் திரும்பினால் மெல்லிய நெளிகோடு. இரண்டு முழு ஓட்டத்தில் நேர்கோடு. கரைக்கு அருகில் புள்ளிகள், நம் பக்கம் வர வர நெளிகோடுகள் என்று வைத்தால் நீர் தானாகப் படுத்துக்கொள்ளும். கோபுரத்தின் நிழல் நீரில் விழ வேண்டுமா? இரண்டு நிறங்களை ஒரு திறப்புக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஓர் இழை அகலச் செங்குத்துக் கோடுகள் வரும். செங்குத்து சுலபமாக வரும் ஒரே இடம் இது.

சாயத்தை வீட்டிலேயே போட நினைப்பவர்களுக்குக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை எங்கும் கிடைக்கிறது. கடற்கரைச் சாலையெல்லாம் விழுந்து கிடக்கும். 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் படிகாரம், அதாவது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். லிட்டில் இந்தியாவின் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நூலை நனைத்துப் படிகார நீரில் போட்டு, மெதுவாகச் சூடேற்றி, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் வைத்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். சூட்டிலிருந்து குளிர்நீருக்கு மாற்றினால் கம்பளி திரண்டு கட்டியாகும். கெத்தாப்பாங் படிகாரத்தோடு மங்கிய மஞ்சள் தரும். துளி இரும்பு உப்பு (ஃபெரஸ் சல்ஃபேட்) சேர்த்தால் மழைமேகச் சாம்பல். இந்த உப்பு நூலின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் நூல் நாளடைவில் பொடியும். மங்குஸ்தீன் தோல் பழுப்புக்கு நல்லது. மஞ்சள்தூள் வேண்டாம்: முதல்நாள் மயக்கும், வெயில் பட்டால் சில வாரத்தில் வெளிறிவிடும். ஒரு படத்துக்கு வேண்டிய வான நூல் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் முடித்துவிடுங்கள். இரண்டாவது முறை அதே நிறம் வராது.

பினாங்கின் ஈரம் நெசவின் ஒவ்வொரு கட்டத்திலும் கைவைக்கும். முறுக்கிய பருத்தி ஈரத்தில் இறுகும், ஏர்கோன் அறையில் தளரும். பகலில் ஏர்கோனிலும் இரவில் சன்னல் திறந்தும் நெய்தால், அடிக்கும் அழுத்தம் மாறி வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரே அறை, ஒரே நிலை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே நீரை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அதனால் செப்டம்பர், அக்டோபர் மழையில் காய்ந்துவிட்டது என்று எடுத்து வைக்கும் நூல் சிட்டத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். சாயம் போட ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

நெய்து முடித்ததும் மேலேயும் 1.5 செ.மீ. வெற்று நெசவு, ஒரு பின்னல் வரி. சட்டத்திலிருந்து அறுத்தபின் ஓர் இரவு தட்டையாகக் கிடக்க விடுங்கள். இழுவை போனதும் உயரம் கொஞ்சம் குறையும், அது இயல்பு. மறுநாள் பின்பக்கம் மேலாகக் கவிழ்த்து, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் ஆவி மட்டும் காட்டுங்கள். அழுத்தினால் ஊடையின் வரிகள் தட்டையாகி, பற்கள் கொடுத்த மங்கல் போய்விடும். பின்பக்கத்து நூல் நுனிகளை 3 செ.மீ. விட்டு வெட்டினால் போதும்.

மாட்டும்போது பசை வேண்டாம், இந்த வெக்கையில் எந்தப் பசையும் விட்டுவிடும். மேல்விளிம்பில் வெல்க்ரோ பட்டையைத் தைத்து, மறுபாதியை ஒரு மரப்பட்டியில் அடியுங்கள். சுவருக்கும் துணிக்கும் நடுவே 2 செ.மீ. காற்றோட்டம் இருக்கட்டும்; மழைச்சாரல் படும் வெளிச்சுவர் என்றால் அந்தச் சுவரே வேண்டாம். கண்ணாடிச் சட்டம் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பூச்சி அரித்த தடம் தெரிந்தால் துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, உறைபெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கம்பளிமேல் நீராக இறங்கும்.

வெளிச்சம் எதிரிலிருந்து விழும் இடத்தைவிடப் பக்கத்துச் சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் சுவர் நல்லது. ஊடையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் ஒளியும் ஒரு பக்கம் நிழலும் ஏறும். மாலை ஆறரைக்கு அந்தக் கடைசி மடிப்பைப் பாருங்கள். பற்களில் எது மலை, எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் விளிம்பு சரியாக வந்திருக்கிறது.